அட்டை எண் 88: பலத்த கைதட்டல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் சுகம். என் பெண்ணும் நீங்களும் அவ்வாறே இருப்பதாக வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பலமுறை ஆலோசித்து, உங்கள் மாமியாரையும் கலந்துகொண்டு, சென்ற திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, ஒலிக்களஞ்சியத்தின் அலமாரிச் சாவியை என் இடுப்பிலிருந்து கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன். முப்பத்தொரு வருஷத்தில் வானொலி நிலையம் இப்படியொரு காலையைக் கண்டதில்லை.

இனி நாடகக்காரர்கள் என்னிடம் வந்து நிற்க வேண்டியதில்லை. நீங்கள் அமைத்துக் கொடுத்த கணினியில் 'ரயில்' என்று தட்டினால் ரயில் வருகிறது. குறை சொல்லவில்லை. ஆனால் மாப்பிள்ளை, நாடாக்களையெல்லாம் ஏற்றி முடித்த கையோடு, ஒரே ஒலி இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றை அழித்துவிடும்படி அதற்கு ஏன் கற்றுக்கொடுத்தீர்கள்? தொள்ளாயிரம் ஒலி என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது இருநூறாகிவிட்டது. உங்களிடம் மறைப்பானேன், வேலைக்குச் சேர்ந்த வருஷம் தகரக் கூரையில் பெய்த மழையைப் பதிவு செய்தேன். மறுவாரமே கைதட்டல் கேட்டார்கள். கூட்டத்துக்கு நான் எங்கே போவேன்? அதே மழைக்குப் 'பலத்த கைதட்டல்' என்று இன்னொரு அட்டை எழுதி வைத்தேன். அப்புறம் அருவி, காட்டுத்தீ, எண்ணெயில் பொரியும் சத்தம் எல்லாமே அந்த மழைதான். ஒருத்தரும் கண்டுபிடிக்கலையே. குடை பிடிச்சா மழை, தலைவர் எழுந்தா கைதட்டல். சொல்றதுதான் காதுல விழும்.

இப்போ கைதட்டல்னு தட்டினா, 'இல்லை, மழை போடட்டுமா?' என்று கேட்கிறது. வெள்ளிக்கிழமை எனக்குப் பிரிவுபசார விழா. இயக்குநர் நேத்து ஒலிப்பதிவாளரைக் கூப்பிட்டு, "கூட்டம் கம்மியாத்தான்யா வரும். அவர் பேச எழுந்ததும் ஒரு கைதட்டல் ஓட விடு, யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றது கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குக் கேட்டுத் தொலைத்தது. ஒலிப்பதிவாளர் தேடினா என் குட்டு உடைஞ்சிடும். போற நேரத்துல பேர் கெடணுமா? எண்பத்தெட்டாம் அட்டையை மட்டும் உயிர்ப்பித்துக் கொடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழும்படி நீங்கள் இருவரும் நெடுநாள் வாழ ஆசி.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட மறந்து வெள்ளிக்கிழமையும் போய்விட்டது. அட்டையை உயிர்ப்பிக்க வேண்டாம். ஒலிப்பதிவாளர் மழையையே போட்டுவிட்டார். நான் எழுந்ததும் அரங்கம் அதிர்ந்தது. தலைமை எழுத்தர், "ஐயையோ, கார் கண்ணாடி திறந்திருக்கு" என்று ஓடினார். அவர் பின்னால் இரண்டு வரிசையும் எழுந்து போயிற்று. உங்கள் மாமியார், "நீங்க பேசிட்டிருங்க, மாடியில துணி காயுது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நன்றியுரையை இயக்குநருக்குச் சொன்னேன்.

துணி நன்றாகக் காய்ந்திருந்தது.