ஷோபா கல்யாணம் வேண்டாம் என்று அக்காவுக்கு

அல்சூர், பெங்களூர்
5.7.1998

மரியாதைக்குரிய அக்கா ருக்மிணி அவர்களுக்கு,

தம்பி கன்னியப்பன் வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் இருமலும் நலம். குடியாத்தத்தில் நீயும் உன் முட்டி வலியும் நலமா? ஆமாம் அக்கா, நானேதான் எழுதுகிறேன்! அறுபத்தெட்டு வயதில், என் சொந்தக் கையால்! ஏரிக்கரை முதியோர் வகுப்பில் பிரிஜெட் டீச்சர் சொல்லிக்கொடுத்தது. உனக்குப் படித்துக் காட்டுகிற தபால்காரரை எழுத்தைப் பார்த்துக் கொஞ்சம் ஆச்சரியப்படச் சொல்.

விஷயம் இதுதான். என் பேத்தி ஷோபா பெரியவளானபோது பச்சை ஓலைக் குடிசை கட்டி, போஸ்டர் ஒட்டி, மைக் செட் வைத்து ஊருக்கே சொன்னோம். அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே நீ உன் பேரன் முகேஷுக்குப் பெண் கேட்டாய். நானும் சந்தோஷத்தில் மைக்கிலேயே சரி என்றேன். இப்போது ஆவணியில் முகூர்த்தம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாய். அவளுக்குப் பதினைந்துதான் ஆகிறது, பத்தாம் வகுப்பு.

போன வாரம் அவள் பள்ளிக்கூடத்துக்கு நர்ஸம்மா வந்து, வளரும் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு புத்தகம் கொடுத்திருக்கிறார். ஷோபா அதை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். எழுத்து கிடைத்தால் நான் விடுவேனா? குழாயடிக்கு எடுத்துப் போய், குடம் நிறைகிற வரைக்கும் படிக்கலாமென்று உட்கார்ந்தேன். எனக்கு வாய்விட்டுப் படித்தால்தான் படிப்பு வரும், அதுவும் எழுத்துக் கூட்டி. “மா... த... வி... லக்... கு” என்று முடிப்பதற்குள் குழாயடியே திரும்பிப் பார்த்தது.

“சும்னிரி தாத்தா! சும்மா இரு, மானம் போவுது!” என்று கத்தினாள் எதிர்வீட்டுச் சந்திரம்மா.

ஷோபா ஓடி வந்து, “மனசுக்குள்ள படி தாத்தா!” என்றாள். மனசுக்குள் படிப்பதை டீச்சர் இன்னும் நடத்தவில்லை. கிளம்பிய வண்டியை நிறுத்தத் தெரியாமல், அது அசுத்தமும் இல்லை வியாதியும் இல்லை, பிள்ளைகளுக்குக் கீரையும் இரும்புச்சத்து மாத்திரையும் வேண்டும், பதினெட்டுக்கு முன்னால் பிள்ளை பெற்றால் தாய்க்கும் ஆபத்து குழந்தைக்கும் ஆபத்து என்று பக்கம் முழுவதும் படித்துவிட்டேன். நிமிர்ந்தால் குடம் நிரம்பி வழிகிறது, எடுக்க ஆளில்லை.

சந்திரம்மாதான் மெதுவாகக் கேட்டாள்: “அடுத்த பக்கத்துல இன்னா போட்டுக்குது? திருப்பு தாத்தா.”

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்குப் படிக்கிறேன் அக்கா! பாய் வீட்டுப் பெண்கள்கூட வருகிறார்கள்! ஆனால் முதல் நாள் வீட்டுக்கு வரும் வழியில் ஷோபா கேட்டாள்: “ஆவணிக்கு அப்புறம் எனக்கும் அந்த ஆபத்துதானே தாத்தா?”

ஆகையால் கல்யாணம் வேண்டாம். மைக்கில் கொடுத்த வாக்கை எழுத்தில் வாபஸ் வாங்குகிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, பதில் எழுத எனக்கு இப்போது கை இருக்கிறது.

முகேஷுக்கு வேறு நல்ல பெண் அமையட்டும், அவளுக்கும் பதினெட்டு முடிந்திருக்கட்டும் என்று ஆசீர்வதிக்கும்,
உன் தம்பி கன்னியப்பன்

பி.கு.: இதை எழுதி முடிக்கப் பதினொரு நாள் ஆகிவிட்டது. ஒன்பதாம் நாள் நீயே நிச்சயப் புடவையோடு ரயிலில் வந்து இறங்கிவிட்டாய். குழாயடியில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைக் கேட்டுவிட்டு, “பதினாலு வயசுல என்னைக் கட்டிக் குடுத்தாங்க. மொத ரெண்டும் தங்கல. யாருமே இத எனக்குப் படிச்சுக் காட்டலியேடா” என்று சொல்லி, புடவையைத் திரும்பப் பையில் வைத்தாய். இப்போது என் எதிரில் பூண்டு உரித்துக்கொண்டே, “இன்னுமா எழுதற?” என்கிறாய். என்ன செய்வது, முதல் கடிதம். தபாலில் போட்டுவிடுகிறேன். ஊருக்குப் போனதும் படிக்கச் சொல்லிக் கேட்டு, அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கோபப்பட்டுக்கொள்.