சம்பந்திக் கரடிகள் தழை தின்ற கதை

ஒரு காட்டில், அடுப்புப் பற்றவைக்க ஒருவருக்குமே தெரியாத காட்டில், ஒரு நரி ‘தீ தொடாத் தளிர்’ என்ற பெயரில் ரா வீகன் ரெஸ்டாரண்ட் திறந்தது. அங்கே எதையும் வேகவைக்க மாட்டார்கள். பால், முட்டை, இறைச்சி, தேன் எதுவும் கிடையாது. பிறந்ததிலிருந்து பச்சையாகவே தின்று வளர்ந்த மிருகங்கள், “பச்சையாத் தர்றாங்களாம்!” என்று வாய் பிளந்து வரிசையில் நின்றன. சும்மா முளைத்துக் கிடந்த நல்ல புல்லை மிதித்துக்கொண்டுதான் அந்த வரிசை நின்றது. மிருகங்கள்தானே, வேறென்ன செய்யும்.

அந்தக் காட்டில் தேனப்பன் என்றொரு கரடி. அவருக்கு ஒரே மகள், உமையாள். வடக்கு மலைச் சிதம்பரம் கரடியின் மகனுக்கு அவளைக் கேட்டிருந்தார்கள். நல்ல குடும்பம், மழைக்கு ஒழுகாத குகை. ஏற்கெனவே வந்த வரன்களெல்லாம் தட்டிப்போயிருந்தன. இதுவும் தட்டிப்போனால் ‘ராசியில்லாத பெண்’ என்று காடே பேசும். தேனப்பன் அந்தப் பயத்திலேயே பாதியாக இளைத்துவிட்டார்.

பேசி முடிகிறவரை ஒருவர் குகையில் மற்றவர் கை நனைக்கக் கூடாது என்பது கரடிகளின் வழக்கம். ஆகவே பொது இடத்தில் சந்திப்பதென்று முடிவாயிற்று. தங்களைப் பட்டிக்காடு என்று நினைத்துவிடக் கூடாதே என்று தேனப்பன் நரிக்கடையைச் சொல்லி அனுப்பினார். “அட, நாங்க அடிக்கடி போற எடந்தானே!” என்று சிதம்பரம் பதில் அனுப்பினார். அவர் அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

வெறுங்கையோடு போகக் கூடாதென்று தேனப்பன் ஒரு முழுத் தேனடையைச் சுமந்துகொண்டு போனார். நரி வாசலிலேயே மறித்தது.

“தேனுக்கு உள்ளே அனுமதி இல்ல சார். அது தேனீயோட உழைப்பு. திருட்டுச் சொத்து.”

“எங்க பாட்டன் காலத்துலேருந்து இதுதானே...”

“அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு சார். இங்க வச்சிட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்.”

நரி நன்றாகவே பார்த்துக்கொண்டது. கொள்கை முன்வாசலுக்குத்தான். பின்வாசலில் உட்கார்ந்து அடையைச் சொட்டு விடாமல் நக்கிவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு பரிமாற வந்தது.

கருங்கல் பலகையில் சாப்பாடு வந்தது. மூன்று தளிர், ஒரு பூ, சீவிச் சுருட்டிய பச்சைச் சுரைக்காய். அதற்கு நூடுல்ஸ் என்று பெயராம். ஓரமாக எதையோ அரைத்துப் பச்சைக் கோடு ஒன்று இழுத்திருந்தது.

“கோட்டையும் திங்கணுமாப்பா?” என்று உமையாள் கேட்டாள். தேனப்பன் கண்ணை உருட்டினார்.

முதல் வாயிலேயே குடலைப் பிடுங்கும் கசப்பு. தேனப்பன் ஓரக்கண்ணால் சிதம்பரத்தைப் பார்த்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். கண்ணீர் வெளியே வந்துவிடாமலிருக்க மூடியிருந்தார். தேனப்பன் அதை ரசனை என்று நினைத்தார்.

“அமிர்தம்!” என்றார் தேனப்பன். “எங்க உமையாளுக்கு இதுன்னா உசிரு. தேனைக் கண்டாலே ஓடிப்போயிருவா.”

“எங்க வீட்டுலயும் தேனைத் தொடுறதே இல்ல,” என்று சொல்லி ஊறிய எச்சிலை விழுங்கினார் சிதம்பரம். “இந்தாங்க, என்னுதையும் எடுத்துக்குங்க.”

“ஐயோ, நீங்க சாப்பிடுங்க சம்பந்தி! மாப்பிள்ள வீட்டுக்காரங்க நல்லாச் சாப்பிடணும்.”

இப்படியே உபசாரம் என்ற பெயரில் அந்தத் தழை மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தது. “அப்பா, எனக்கு...” என்று உமையாள் ஆரம்பித்தாள். அம்மா அவள் தொடையில் கிள்ளினாள்.

பழைய கதையாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு குருவி பறந்து வந்து உண்மையைப் போட்டு உடைத்திருக்கும். குருவி வந்தது. மெனுவைப் பார்த்தது. போய் வரிசையில் நின்றுகொண்டது.

தாம்பூலம் மாற்றினார்கள். சுண்ணாம்பு தீயில் வெந்தது என்று நரி அதைப் பிடுங்கிக்கொண்டது. சிதம்பரம் எழுந்து, “மருமக ஆசைப்படி எங்க குகையில இனிமே மூணு வேளையும் இதேதான்!” என்று அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

கல்யாணம் ஆயிற்று. மறுவீட்டுக்கு வந்த உமையாளைப் பார்த்துத் தேனப்பன் பதறிப்போனார். தோல் தொங்கியது, எலும்பு தெரிந்தது.

“எனக்காக அவங்க திங்கிறாங்க. அவங்களுக்காக நான் திங்கிறேன்,” என்றாள் உமையாள். “எனக்கு என்ன பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியும்ல? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாப்பா?”

 தான் செய்தது பாவம் என்று தேனப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. பந்தியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று போய் வாயைத் திறந்தார்.

“மாமா, எங்க மலை பூரா உங்க குடும்பத்து நாகரிகத்தப் பத்தித்தான் பேச்சு,” என்றார் மாப்பிள்ளை. அவருக்கும் எலும்பு தெரிந்தது.

திறந்த வாய் உமையாள் பக்கம் திரும்பியது. பிறகு, “உமையா, மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு தழை வையி,” என்றது.

உமையாள் வைத்தாள். தன் இலையிலும் வைத்துக்கொண்டாள்.

நீதி: பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பது பெரியோர் செய்த பிழை. வேளை தவறாமல் கிடைக்கும், பிள்ளைகளுக்கும் சேர்த்தே கிடைக்கும். ஆகவே பொய் சொல்லுமுன் மெனுவைப் படித்துக்கொள்க.