டிரம்ஸ் அண்ணையின் கெட்டிமேளம்

என் மகளின் கல்யாணத்துக்கு வின்டர்தூர் நகரத்திலிருந்து நல்ல மேளக் கோஷ்டியைப் பிடித்த பிறகும், சுவிஸின் தலைநகரான எங்கள் பேர்ணில் எந்தத் தமிழன் வீட்டிலும் நடக்காத ஒன்று நடக்க வேண்டும் என்ற பவிசில், மணவறைக்குப் பக்கத்தில் ஓர் அமெரிக்கரை டிரம்ஸோடு குந்தவைத்தவன் நான். வேறு எவரிலும் பழி போட வழியில்லை.

எங்கள் மேல்மாடிக்காரரான அவரை நாங்கள் டிரம்ஸ் அண்ணை என்போம். அடிப்பதையே தொழிலாக வைத்துக்கொண்டு, அடிக்காமல் விட்ட இடங்களுக்காகப் பெருமைப்பட்ட மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். இளமையில் பெரிய பெரிய ஃபங்க் இசைப் பாடகர்களுக்குப் பின்னாலிருந்து ஊர் ஊராக அடித்தவர். அவர்களில் பாதிப் பேர் அவரை வேலையிலிருந்து கலைத்தும் விட்டார்கள். காரணம் கேட்டால், "நான் விட்ட இடத்தில் அவன் பாடிவிட்டான்" என்பார். கச்சேரிக்கு வந்த இடத்தில் பேர்ண் பல் வைத்தியர் ஒருத்தியிடம் பல்லைப் பிடுங்கக் கொடுத்து, தன்னையும் கொடுத்து, அவளைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டார். டிராம் கதவு அரைத் தட்டுப் பிந்தி மூடுகிறது என்று சாரதியிடம் முறைப்பாடு செய்தவர். அதுவும் சுவிஸில்!

மாப்பிள்ளையின் தாய், பூனை குறுக்கே போனதற்காக ஒரு சம்பந்தத்தையே கைவிட்டவர். போனில் என்னை எச்சரித்தார்.

"அண்ணை, தாலி கட்டேக்க மேளம் ஒரு சொட்டும் நிக்கப்படாது. ஆரும் தும்மினாச் சபைக்குக் கேக்கும். பிறகு நான் எழும்பிப் போயிடுவன், சொல்லிப்போட்டன்."

மேலே ஓடிப்போய் ஆங்கிலத்தில் விளக்கினேன்.

"கவலைப்படாதே, மச்சான்" என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் மச்சான்.

கல்யாணத்தன்று காலை, கார்த் தரிப்பிடத்தில் தவில்காரர்களுக்கு அவர் ஏதோ விரல் காட்டிக்கொண்டிருந்தார். அவர்களும் பக்தியோடு தலையாட்டினார்கள். கலைஞர்களிடையே என்ன ஒற்றுமை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

ஐயர் கையை உயர்த்தினார். கெட்டிமேளம் இடித்தது. மாப்பிள்ளை தாலியை எடுத்தார். டிரம்ஸ் அண்ணை ஒரு குச்சியை உயர்த்தினார். தவில், நாதஸ்வரம், டிரம்ஸ் எல்லாம் ஒன்றாக நின்றன.

"ஹச்!"

சபை திரும்பியது. மூக்கைப் பொத்தியபடி நின்றவர் மாப்பிள்ளையின் தாய். தாலி அந்தரத்தில் நின்றது.

டிரம்ஸ் அண்ணையோ, அதற்காகவே காத்திருந்தவர்போல அவருக்குத் தலையசைத்துவிட்டு ஓங்கி ஓர் அடி போட்டார். மேளமெல்லாம் பாய்ந்தது. ஏற்கனவே ஒழுங்குபண்ணி வைத்ததென்று நினைத்துச் சபை கைதட்டியது. அந்த ஆரவாரத்தில் தாலியும் ஏறிவிட்டது.

சாப்பாட்டு நேரம் சண்டைக்குப் போனேன்.

"நிற்பாட்டாதே என்றேனே!"

"நிற்பாட்டவில்லை, மச்சான். இடம் விட்டேன்."

பிறகு சம்பந்தியம்மாவிடம் திரும்பி ஏதோ சொன்னார். மகள் மொழிபெயர்த்தாள்: "மாமி, உங்களைப்போலச் சரியான இடத்தில வந்த ஒரு பாடகரையும் தான் காணேல்லையாம்."

"சும்மா இருங்கோ" என்று அவர் வெட்கப்பட்டதை நான் கண்ணால் கண்டேன்.

மகள் புறப்பட்டபோது நான் ஒருவாறு சமாளித்தேன். வாசலில் நின்று விம்மியது டிரம்ஸ் அண்ணைதான். ஏசுவதற்கு இன்னும் மிச்சம் வைத்திருந்த சொற்களை விழுங்கிக்கொண்டு, என் கைலேஞ்சியை நீட்டினேன்.

போன கிழமை மனைவி போனை வைத்துவிட்டு வந்தாள்.

"சம்பந்தியம்மான்ர இளைய மகனுக்கும் கலியாணமாம். டிரம்ஸ் அண்ணை கட்டாயம் வரட்டாம்."

"நான்தானே கூட்டிக்கொண்டு போகவேணும்?"

"அவருக்கு வழி தெரியுமாம். உங்களுக்கு வேலையெண்டா, வராட்டிலும் பரவாயில்லையாம்."