லீவு எடுக்காத கோழிகள்

கோழி வாங்கிய அன்று மனைவியிடம் பெரிதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். "மூணு கோழி. தினம் மூணு முட்டை. இனி முட்டைக்காகக் கடைப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க வேண்டாம்."

கோழிகளை யாரும் கேட்கவில்லை. ஒரு முட்டை உருவாக ஒரு நாளும் கொஞ்சமும் ஆகிறது. இன்று ஏழு மணிக்குப் போட்டால் நாளை எட்டரைக்கு. இப்படியே தள்ளிக்கொண்டு போய், பொழுது சாய்ந்துவிட்டால் அடுத்த நாள் லீவு. அதையாவது சமாளித்தேன். போன மாதம் மூன்றும் இறகு உதிர்க்க ஆரம்பித்தன, முட்டை அடியோடு நின்றது. புது இறகு முளைக்க இரண்டு மாதமாவது ஆகுமாம்.

"இன்னும் ரெண்டு நாள் பாப்பேன்," என்றாள் மனைவி. "அப்புறம் மூணும் என் தம்பி வீட்டுக்குப் போயிடும். அந்த இடத்துல வாஷிங் மெஷினை வெச்சுக்கலாம்."

நாள் முழுக்க நின்றபடியே தபால் பிரிக்கிற ஆள் நான். வீட்டில் எனக்கென்று இருப்பது கூண்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட ஒரு வாளிதான். 'கோழியைப் பாக்குறேன்' என்று சொல்லிவிட்டு, காலையில் அரை மணி நேரம் பேப்பரோடு அதில் உட்காருவேன். கோழி போனால் வாளி போச்சு. வாளி போனால் நான் எங்கே போவேன்?

கடைக்குத்தான் போனேன். தினமும் அவள் எழுந்திருக்கும் முன்பே மூன்று முட்டை வாங்கி, சட்டைக்குள் ஒளித்து எடுத்துவந்து, கூண்டு வைக்கோலில் வைத்தேன். ஒரு வாரம் ஓடியது.

"ஏங்க, உடம்புல ஒரு இறகு இல்ல. முட்டை மட்டும் தவறாம வருதே?"

"கடமை உணர்ச்சி."

"மூணும் ஒரே சைஸு."

"அக்கா தங்கச்சிங்க இல்லையா?"

"முன்னாடி பழுப்பா போட்டுச்சு. இப்ப வெள்ளையா இருக்கு."

"இறகு கொட்டினா கலரும் கொஞ்சம் வெளுக்கும்."

அவள் மூன்று முட்டையையும் முந்தானையில் எடுத்துக்கொண்டாள். உள்ளே போய்விட்டாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவள் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்ததே இல்லை. நான் முட்டாள், ஜெயித்துவிட்டதாக நினைத்துப் பேப்பரைப் பிரித்தேன்.

சாயங்காலம் கூண்டுப் பக்கம் வந்தாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து கோழிகளிடம் பேசினாள்.

"நாளைக்கு என் தம்பி குடும்பத்தோட வர்றான். எட்டு முட்டை வேணும். அப்படியே அரைக் கிலோ வெங்காயமும் போட்டுடுங்க. முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க, மெஷினுக்கு இடம் பண்ணணும்."

கோழிகள் என்னைப் பார்த்தன. நான் பேப்பரை முகத்துக்கு மேலே தூக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை, என் கோழிகள் வெங்காயமும் போட்டிருந்தன.