வாடகைப் படகில் பெண் பார்த்த விவரம்

அன்புள்ள சௌந்தரம் அத்தைக்கு,

அருப்புக்கோட்டையிலிருந்து தம்பி மகள் சுவாதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு மட்டும் தரை இன்னும் லேசாக ஆடுகிறதாம். அங்கே உங்கள் முட்டிவலி குறைந்து, மாமாவின் கடை வியாபாரம் கூடியிருக்க வேண்டும். இரண்டும் இடம் மாறிவிடக் கூடாது.

அன்றைக்குக் கொச்சியில் படகைவிட்டு இறங்கியதும் நீங்கள் போன் செய்து, "பையனப் பிடிச்சிருக்காடி?" என்று கேட்டீர்கள். சிக்னல் இல்லை என்றேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அன்று நான் சொல்லாமல் விட்டது இரண்டு. ஒன்று, உங்கள் கேள்விக்குப் பதில். மற்றொன்று, மாப்பிள்ளை வீட்டார் யாரும் நம் சோற்றில் கை நனைக்கவில்லை என்று இரண்டு குடும்பமும் நம்பிக்கொண்டிருந்த நேரத்தில், மாப்பிள்ளை கோகுல், எங்கள் அம்மா செய்த புளியோதரையைச் சாப்பிட்டு முடித்திருந்தார் என்பது. போனில் இதைச் சொல்ல முடியாது. உங்கள் போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கும். திருச்சுழிக் கடைக்குச் சீனி வாங்க வந்தவர் கேட்டு, நரிக்குடி பஸ்ஸில் சொல்லி, அது வீரசோழன் போய்ச் சேரும்போது எனக்குப் பிள்ளையே பிறந்திருக்கும். ஆகவே கடிதம். மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு அதே படகைப் பிடிக்கலாமா, என்னென்ன விதி என்றும் கேட்டிருந்தீர்கள். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

படகு அப்பாவின் யோசனை. இதற்கு முன் என்னைப் பார்த்துப் போன இரண்டு இடமும் தட்டிப்போனதும், கடைத்தெருவில் சரக்கு எடுக்க வந்தவர்கள்கூட "என்னாச்சுண்ணே?" என்று கேட்டதும் உங்களுக்குத் தெரியும். மூன்றாவது இடத்தை வீட்டுக்குக் கூப்பிட அப்பாவுக்கு மனம் வரவில்லை. பையன் கொச்சியில் வேலை பார்க்கிறான், அங்கே தனிப் படகு ஒரு நாளைக்கு வாடகைக்குக் கிடைக்கிறது என்று போனில் பார்த்தார். "கடல்ல எதுத்த வீடு கெடையாதுல்ல" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஒப்பந்தம் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் வந்தது. அப்பா பேங்கில் லோனுக்குக் கேட்பதுபோல "எங்க கையெழுத்து?" என்று மட்டும் கேட்டார். ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிற பழக்கத்தில் நான் முழுதும் படித்தேன். படித்த பாவத்துக்குக் கையெழுத்தும் என்னுடையதே ஆயிற்று. வாடகைக்கு எடுப்பவர் அன்று முழுக்க அந்தப் படகின் வீட்டுக்காரர் மாதிரி. ஏறுகிற ஒவ்வொருவரின் உடம்புக்கும் நடத்தைக்கும் அவரே பொறுப்பு. கேப்டன் சொல்வதைத் தன் ஆட்களைக் கேட்க வைப்பது அவர் கடமை. தலை குனிந்து உட்கார வேண்டிய பெண் அன்றைக்கு அதிகாரியாகிவிட்டாள்.

பன்னிரண்டு பேருக்கு மேல் ஏறக் கூடாது. மாப்பிள்ளை வீட்டு மடிக் குழந்தையையும் சேர்த்து எண்ணினால் ஒருவர் அதிகம். மடியில் இருக்கிற பிள்ளைக்கு பஸ்ஸிலேயே டிக்கெட் இல்லையே என்று கோகுலின் தாய்மாமன் செல்வக்குமார் வாதாடினார். கேப்டன் தூத்துக்குடிக்காரர். "கடலுக்கு மடி தெரியாதுங்க" என்றார், அவ்வளவுதான். நம் சித்தப்பா சந்தோஷமாகக் கரையில் நின்றுகொண்டார். செருப்போடு ஏறக் கூடாது என்பது நமக்குப் பழக்கம்தான், கோயில் மாதிரி நினைத்துக்கொண்டோம். கறை படிகிற பொருள் ஆகாது. இருக்கை எல்லாம் வெள்ளை. வெற்றிலையும் குங்குமமும் வேனிலேயே தங்கின. எல்லோரும் மிதவைச் சட்டை போட வேண்டும். கோகுலின் அம்மா கஸ்தூரி பட்டுச் சேலை கசங்கும் என்று மறுத்ததால் நானே மாட்டிவிட வேண்டியதாயிற்று. 'அத்தை' என்றால் சம்பந்தம் முடிந்ததாகிவிடும், 'ஆன்ட்டி' என்றால் அப்பா முறைப்பார். எந்த முறையும் வைக்காமல் "கொஞ்சம் கையத் தூக்குங்க" என்று சொல்லி வாரை இழுத்துக் கட்டினேன். பெண் பார்க்க வந்தவரைப் பெண் கட்டிப்போட்டது நம் ஊரில் இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மோசம் செய்தது அடுத்த விதி. படகில் நெருப்பு மூட்டக் கூடாது. பஜ்ஜியும் கேசரியும் சூடாகச் செய்து கொடுக்கலாம் என்று அம்மா கட்டி வந்த அடுப்பு, சட்டி, மாவு, ரவை எல்லாம் கரையில் சித்தப்பாவுக்குத் துணையாக நின்றன. மிஞ்சியது, ஊர் திரும்பும்போது சாப்பிடக் கட்டிய புளியோதரையும் தயிர்சாதமும். பலகாரம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் தாராளமாகச் சாப்பிடலாம். சோறு என்றால் சம்மதம். முடிவாகாமல் பெண் வீட்டுச் சோற்றில் கை வைத்தால் பிறகு பேச்சை மாற்ற முடியாது என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. படகு யார் வீடு என்று செல்வக்குமார் மாமா கேட்டார், அப்பா பெருமையாக "எங்க பேர்லதான எடுத்துருக்கு" என்றார், அதோடு படகு பெண் வீடாகிவிட்டது, அவுக பிளாஸ்க்கில் இருந்த காபியில் ஆளுக்கு ஒரு வாயோடு நிறுத்திக்கொண்டார்கள். அவுக சாப்பிடாமல் நாம் எப்படிச் சாப்பிடுவது? எல்லோரும் கடலின் அழகைப் பேசினோம்.

அடிக்கடி ஆட்களை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதும் என் கடமைகளில் ஒன்று. எண்ணினால் ஒரு ஆள் குறைகிறது. பதறிப்போய்ப் பின்பக்கம் போனேன். ஏணிக்கு மறைவில், நம் சாப்பாட்டுக் கூடைக்குப் பக்கத்தில், தூக்குவாளி மூடியில் புளியோதரையை வைத்துக்கொண்டு கோகுல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். படகு ஓடும்போது பின்பக்கம் நிற்கக் கூடாது, உட்காருங்கள் என்றேன்.

"காலைலருந்து ஒண்ணும் சாப்பிடலங்க. மாமாட்ட சொல்லிராதீங்க."

"ஊறுகா கூடைக்கு அந்தப் பக்கம் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாகப் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

மத்தியானம் கரைக்குத் திரும்பியிருக்க வேண்டும். சரக்குக் கப்பல் ஒன்று துறைமுகத்துக்குள் போகிறது, அது போகிறவரை நாம் வெளியே நிற்கத்தான் வேண்டும் என்றார் கேப்டன். நின்றோம். நிற்கிற படகு ஓடுகிற படகைவிட அதிகம் ஆடுகிறது, அத்தை, மாமாவுக்குச் சொல்லுங்கள். அப்போதுதான் கஸ்தூரி அம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. நெற்றியெல்லாம் வியர்வை. சுகர் மாத்திரையைக் காலையில் போட்டவர் அதன் பிறகு ஒன்றுமே சாப்பிடவில்லை. சீனி இருக்கிறதா என்று கேட்டால் அது அடுப்போடு கரையில் இருக்கிறது. காபியும் தீர்ந்துபோய், படகில் இருந்தது குடிதண்ணீர் மட்டும். நான் தயிர்சாதத்தைப் பிசைந்து எடுத்துப்போனேன். செல்வக்குமார் மாமா மறித்தார். கெட்ட எண்ணத்தில் இல்லை, அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது. "சம்மதமாப் போயிருமேம்மா" என்றார். கஸ்தூரி அம்மாவும் வாயைத் திறக்கவில்லை. அப்பா என்னைப் பார்த்தார்.

"இது சம்மதமில்லங்க. இந்தப் படகுல ஏறுன எல்லாருக்கும் நாந்தான் பொறுப்பு, கையெழுத்துப் போட்டுருக்கேன். இப்பச் சாப்பிடுங்க. ஊருக்குப் போயி வேண்டாம்னு சொல்லி அனுப்புனாலும் நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம்" என்றேன்.

கஸ்தூரி அம்மா சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. பிறகு செல்வக்குமார் மாமா சாப்பிட்டார், பிறகு எல்லோரும். கோகுல் மட்டும் பசியில்லை என்றார். "பிள்ளைக்குக் கடலு ஒத்துக்கல போல" என்று அவர் அம்மா வருத்தப்பட்டார். கோகுல் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

ஊருக்கு வந்து நிறைய யோசித்தேன். அவர் நல்லவர்தான். எழுந்து நின்றவரை உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். எத்தனை ஆண்கள் உட்காருவார்கள்? ஆனால் பசிக்கிறது என்று தன் மாமாவிடம் சொல்ல முடியாதவர் அவர். பிடிச்சிருக்கா என்று கேட்டால் சிக்னல் இல்லை என்பவள் நான். இரண்டு ஊமைகள் சேர்ந்து குடும்பம் நடத்தினால் கதவைத் தட்டுகிறவருக்கு யார் பதில் சொல்வது? அவர்கள் இன்னும் சொல்லி அனுப்பவில்லை. எங்கள் பக்கம் வேண்டாம் என்று நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அப்பாவிடமும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். இந்த ஒன்றை மட்டும் என்னால் முடியாது.

மாமாவுக்கு என் வணக்கம். இந்த முறை எனக்காகச் சாமி கும்பிடும்போது மாப்பிள்ளை கேட்க வேண்டாம். கொஞ்சம் தைரியம் கேளுங்கள்.

உங்கள் மருமகள்,
சுவாதி

பி.கு.: ஒட்டி வைத்த உறையைத் திறந்து இதை எழுதுகிறேன். நேற்றுக் காலை கோகுல் தன் மாமாவோடு சொல்லாமல் வந்தார். உட்காரும் முன்பே, அன்று படகில் முதலில் சாப்பிட்டது நான்தான், யாரும் வற்புறுத்தவில்லை, பிடித்திருந்ததால்தான் சாப்பிட்டேன் என்று அப்பாவிடம் சொன்னார். மாமாவிடம் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாராம். அப்பா என்னைக் கேட்டார். எனக்கும் பிடித்திருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அம்மா இலை போட்டாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். வைகாசியில் கல்யாணம்.