ஊதினால் வெளுக்கும் ஜின்

எங்கள் பூஹ்ரான் ஊரில் ஜின்கள் பெருகிவிட்டன. கடற்கரையில் உரத் தொழிற்சாலை வந்த பிறகுதான் வந்தன. ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். ஜின் ஓட்டுகிற ஷேக் ஜெல்லூல் சொல்லிவிட்டார். மஞ்சள் புகை ஊருக்குள் இறங்குகிறது, ஈச்ச மரங்கள் உச்சி கருகி நிற்கின்றன, வீட்டுக்கு இரண்டு பேர் இருமுகிறோம். எல்லாம் நெஞ்சுக்குள் குடியேறிய ஜின்னின் சேட்டை!

அவர் வாசலில் விடிந்தும் விடியாமலும் வரிசை நிற்கும். நோயாளியின் கையில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைத் தருவார். அதில் தண்ணீர் பளிங்காக இருக்கும். நாணல் குழாயை விட்டு ஊதச் சொல்வார். ஊத ஊத அது பாலாக வெளுக்கும்.

"பாத்தீங்களா? இறங்கிருச்சு!"

கூட்டம் 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் முழங்கும். நானும் அங்கே நின்று கண்ணீர் விட்டேன், வெட்கக்கேடு.

ஊதி முடித்ததும் ஒரு தாளில் கைநாட்டு வைக்க வேண்டும்: 'என் நோய் ஜின்னால் வந்தது, புகையால் அல்ல.' தாள் தொழிற்சாலை ஜீப்பில் வரும், ஜீப்பிலேயே போகும். அந்த வாரம் வியாழக்கிழமை தலைநகர் துனிஸிலிருந்து விசாரணைக் குழு வர இருந்தது, புகைபோக்கிக்கு வடிகட்டி போடச் சொல்லலாமா என்று பார்க்க. ஜின்னுக்கு எதற்கு ஜீப்? எங்களில் ஒரு கழுதையும் கேட்கவில்லை.

ரமளானுக்கு முன் ஊர் வீடுகளுக்கெல்லாம் வெள்ளையடிப்பவள் ஸல்ஹா. அவள் மகள் நெஜ்மாவுக்கு ஆறு வயது. மூச்சு விட்டால் விசில் சத்தம் கேட்கும். "மருந்து ஜின்னுக்குத் தீனி" என்று ஷேக் சொன்னார். ஸல்ஹாவின் புருஷன் லஸ்ஹர், மகா புத்திசாலி, மூச்சு மருந்துக் குப்பியைக் கடலில் எறிந்துவிட்டு வந்தான்.

புதன்கிழமை பிள்ளையின் உதடு நீலம் பூத்தது. வெள்ளையடித்துக்கொண்டிருந்த ஸல்ஹா வாளியும் கையுமாக ஓடிவந்தபோது, லஸ்ஹர் பிள்ளையை ஷேக்கின் முன்னால் உட்கார வைத்திருந்தான்.

"ஊதும்மா, ஊது!"

நெஜ்மாவால் முடியவில்லை. இரண்டு குமிழிதான் வந்தது. தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

"பிடிவாதக்கார ஜின். நாளைக்குக் கொண்டு வா. இப்போ கைநாட்ட வை" என்றார் ஷேக்.

ஸல்ஹா கிண்ணத்துக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தாள்.

"வழுவழுங்குதே! இருவது வருஷமா என் கை இதுலதான் வெந்துக்கிட்டு இருக்கு. சுண்ணாம்பு வாளியில மேலாக்க நிக்கிற தெளிவு இது!"

"வாய மூடு பொம்பள!"

"மூடுறேன். நீங்க ஒரு ஊது ஊதுங்க ஷேக்கே. உங்களுக்குத்தான் ஜின் கிடையாதே."

ஷேக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு மூக்கால் மூச்சுவிட்டார். பக்கத்தில் நின்ற கசாப்புக்கடை மிலூத் அவர் மூக்கை அழுத்திப் பிடித்தான். "இப்ப ஊதுங்க!" மனுஷன் எத்தனை நேரம் தாக்குப்பிடிப்பார்? ஊதினார். வெளுத்தது.

"ஐயய்யோ, ஷேக்குக்கே பிடிச்சிருச்சு!" என்று ஒருவன் அலறினான். எங்கள் ஊர் மூளைக்கு அதுவே அதிகம்.

ஸல்ஹா தன் வாளித் தெளிவை ஒரு குவளையில் மொண்டாள், பள்ளிவாசல் தொட்டித் தண்ணீரை இன்னொன்றில். மிலூத் இரண்டிலும் ஊதினான். வாளித் தண்ணீர் வெளுத்தது. தொட்டித் தண்ணீர் அப்படியே இருந்தது.

"மூச்சு இருக்கிறவன் எவன் ஊதினாலும் சுண்ணாம்புத் தண்ணி வெளுக்கும்டா! என் பிள்ளைக்குத்தான் ஊத மூச்சில்ல. அந்த மூச்ச எவன் எடுத்தான்? அங்க பாருங்க!" அவள் புகைபோக்கியைக் காட்டினாள்.

மிலூத் இறைச்சி வண்டியைக் கிளப்பினான். லஸ்ஹர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அழுதபடியே ஏறினான். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் பிராணவாயு வைத்தார்கள். பிள்ளை பிழைத்தாள்.

மறுநாள் குழுவிடம் நாங்கள் கொடுத்த தாளில் 'புகை' என்ற ஒரே சொல்தான். கீழே முந்நூறு கைநாட்டு. ஆறு மாதத்தில் வடிகட்டி என்று உத்தரவு வந்தது. எட்டாவது மாதம் நடக்கிறது. வாரா வாரம் தொழிற்சாலை வாசலில் போய் உட்காருகிறோம், அவர்கள் சாக்குச் சொல்கிறார்கள்.

ஷேக் எங்கே என்கிறீர்களா? சிமென்ட் ஆலை இருக்கிற ஊருக்குப் போய்விட்டாராம். அங்கேயும் ஏகக் கூட்டமாம். இருமுகிற ஜனங்கள் இருக்கிற ஊருக்கெல்லாம் வருவார், உங்கள் ஊருக்கும் வருவார். வந்தால் மரியாதையாக உட்கார வையுங்கள், தேநீர் கொடுங்கள், அப்புறம் முதல் ஊது அவரையே ஊதச் சொல்லுங்கள்.