புடிச்சாச்சா அக்கா

கையில் இருப்பதை இன்னொருவரிடம் கொடுக்க உலகத்திலேயே அதிக நேரம் எடுத்துக்கொண்டவர் எங்கள் ஆபீஸின் புடிச்சாச்சா அக்காதான். மலைமேல் இருக்கும் செம்மேட்டில் நான் தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆளாகச் சேர்ந்த அன்று டீ கொடுத்தார். டம்ளரைப் பிடித்தேன். அவர் விடவில்லை.

“புடிச்சாச்சா?”

“ம்.”

“வாயத் தொறந்து சொல்லு கண்ணு.”

“புடிச்சாச்சுங்கக்கா.”

அதற்குள் டீ ஆறிவிட்டது.

ஒருமுறை அதிகாரி போனில் பேசியபடியே ஃபைலை இழுத்தார். பதில் வராமல் அக்கா விடவில்லை. ஃபைல் இரண்டாகக் கிழிந்தது. “ஒரு வார்த்த சொல்லியிருந்தா உட்டிருப்பேனுங்க” என்றார் அக்கா, தன் பாதியை நெஞ்சோடு அணைத்தபடி. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையிடம் அவர் சுவர்க்கடிகாரம் கொடுத்து முடிப்பதற்குள் பின்னால் வரிசை பந்தி வரை நீண்டது.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். படித்தவன் எழுதிய புரோகிராம் தப்பாகாது என்று நினைப்பு. அக்கா ஸ்கேன் செய்யும் சான்றிதழ்களை நாமக்கல் சர்வருக்கு நகர்த்த ஒன்று எழுதியிருந்தேன். அந்த சர்வரின் ஃபோல்டர் எங்கள் திரையில் பக்கத்து அறை போலத்தான் தெரியும். ஆனால் ஃபைல் மலையிறங்கிப் போக வேண்டும். அங்கே நகல் எழுதி, பிறகு இங்கே அழிக்க வேண்டும். நடுவில் லைன் போனால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை.

அன்று கல்லூரி விடுதிச் சேர்க்கைக்குக் கடைசி நாள். ஐந்து மணிக்குள் சான்றிதழ்கள் நாமக்கல் போய்ச் சேர வேண்டும். வளப்பூர் நாடு என்ற மலைக்கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் சான்றிதழ்களை என் புரோகிராம் அனுப்பியது, இங்கே அழித்தது. அக்கா மட்டும் அசல் தாள்களைத் திருப்பித் தரவில்லை.

“பஸ்ஸு போயிருமுங்கக்கா” என்றாள் அவள்.

“போனாப் போவுது சாமி. கீழ புடிச்சாச்சுன்னு இன்னும் சொல்லலியே.”

“கம்ப்யூட்டரு அதெல்லாம் சொல்லாதுங்கக்கா” என்று சிரித்தேன்.

“அப்ப நீ எட்டிப் பாத்துச் சொல்லு.”

அவர் வாயை அடைக்கவே நாமக்கல் ஃபோல்டரில் இருந்த ஃபைலைத் திறந்து காட்டினேன். மேல்பாதி சான்றிதழ், கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். மழையில் லைன் நடுவில் ஒரு நிமிடம் போய்விட்டு வந்திருக்கிறது. அங்கே பாதி, இங்கே ஒன்றுமில்லை. அந்தப் பெண் என் முகத்தையே பார்த்தாள். அக்கா தாள்களை மறுபடி ஸ்கேனரில் வைத்தார். இந்த முறை கையாலேயே அனுப்பி, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, நாலே முக்காலுக்கு முடித்தேன். பிறகே அக்கா தாள்களை நீட்டினார். அவர் கேட்கும் முன்பே அவள், “புடிச்சாச்சுங்க” என்றாள்.

மறுநாள் புரோகிராமை மாற்றினேன். இப்போது அது நகலையும் மூலத்தையும் ஒப்பிடும். பொருந்தினால் ‘புடிச்சாச்சு’ என்று திரையில் காட்டிவிட்டுத்தான் இங்கே அழிக்கும். இல்லாவிட்டால் அங்கே கிடக்கும் அரைகுறையை நீக்கிவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்பும்.

“இப்பத்தான் உன் பொட்டிக்குப் பேச்சு வந்துருக்குது” என்றார் அக்கா.

போன மாதம் அவருக்கு ராசிபுரம் மாற்றல். பஸ் ஜன்னல் வழியாக அவர் பையை நீட்டினேன்.

“புடிச்சாச்சு கண்ணு.”

கண்டக்டர் விசில் கொடுத்தார்.

“புடிச்சாச்சுன்னு சொல்றேனில்ல, உடு.”

காதில் விழாதவன் போல இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டே நின்றேன்.